கெஸ்ட் போஸ்ட் கேட்டு வரும் மின்னஞ்சல்களை என்ன செய்வது? வேலூர்ப் பக்கத்துப் புதுப் பதிவர்களுக்கு

வலைப்பூ தொடங்கியிருப்பீர்கள். கோட்டை அகழியைப் பற்றி ஒன்று, காட்பாடியில் எங்கே காலை டிபன் நன்றாக இருக்கும் என்று ஒன்று, இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய்க்கு ஒன்று என்று கொஞ்சம் பதிவுகள் சேர்ந்திருக்கும். முதல் வாசகர் கடிதம் வருவதற்கு முன்பே, வெளியாள் ஒருவர் உங்கள் தளத்தில் எழுதும் ‘கெஸ்ட் போஸ்ட்’ கேட்டு இது வந்துவிடும்: “உங்கள் அருமையான தளத்தைப் பார்த்தேன். உங்கள் வாசகர்களுக்குப் பயன்படும்படி தரமான கட்டுரை ஒன்றை இலவசமாகவே எழுதித் தருகிறேன். உள்ளே ஒரே ஒரு லிங்க் மட்டும் இருக்கும்.” ஆங்கிலத்தில் இருக்கும். பெயர் வெள்ளைக்காரப் பெயராக இருக்கும். நாம் எழுதுவதையும் ஒருவர் படித்திருக்கிறாரே என்று மனசு குளிரும்.

அவர் படிக்கவில்லை. தமிழ் தெரிந்திருந்தால்தானே படிக்க!

இந்தக் கடிதங்களோடு மல்லுக்கட்டிய காலத்தில் தமிழில் தேடிப் பார்த்தேன், உருப்படியாக எதுவும் கிடைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்களுக்கு வேண்டியது, தேடுபொறியில் தங்கள் தளத்தை மேலே கொண்டுவர உதவும் அந்த லிங்க்தான். கட்டுரை என்பது அதைப் பொட்டலம் கட்டுகிற காகிதம். கட்டுரை நன்றாக இருக்கிறதா என்று நாள்கணக்கில் யோசிப்பதைவிட, லிங்க் எங்கே போகிறது, ஏன் போகிறது என்று பார்த்தால் முக்கால்வாசி முடிவு அங்கேயே கிடைத்துவிடும்.

1. கடிதம் எந்த ரகம் என்று பிரியுங்கள்

இதற்கு இரண்டு நிமிடம் போதும். அதற்கு மேல் செலவழிக்காதீர்கள்.

பெரும்பாலானவை மொத்தமாக அனுப்பப்படும் கடிதங்கள். உங்கள் பெயர் இருக்காது, அல்லது தளத்தின் முகவரியையே பெயராகப் போட்டு “வணக்கம் இன்னார் டாட் காம்” என்று தொடங்கும். எந்தப் பதிவைப் படித்தார் என்று சொல்லமாட்டார். பதில் போடாவிட்டால் நாலைந்து நாளில் “என் முந்தைய மடல் கிடைத்ததா?” என்று ஒன்று வரும், பிறகு இன்னொன்று. இவை தானாகப் போகிறவை. எதிர்முனையில் யாரும் உங்கள் பதிலுக்காக ஏங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. பதில் சொல்லாததற்கு வருத்தப்பட வேண்டாம்.

இரண்டாவது ரகம், ‘லிங்க் இன்சர்ஷன்’. புதுக் கட்டுரை வேண்டாம், ஏற்கெனவே இருக்கும் உங்கள் பதிவில் ஒரு வரியை மாற்றி லிங்க்கை நுழைக்கச் சொல்வார்கள். பழைய பதிவுக்குத் தேடுபொறியில் இருக்கும் மதிப்புக்குத்தான் இந்தக் குறி. கேட்பது சின்னதாகத் தெரிவதால் பலர் சரி என்றுவிடுகிறார்கள். கெஸ்ட் போஸ்ட்டைவிட இது மோசம். உங்கள் பெயரில், உங்கள் நடையில், உங்கள் வாக்காகவே அந்த லிங்க் நிற்கும்.

மூன்றாவது, மிரட்டல். “உங்கள் பக்கத்தில் உள்ள படம் எங்கள் கட்சிக்காரருடையது, ஐந்து நாளுக்குள் நன்றி சொல்லி இந்த முகவரிக்கு லிங்க் தரவில்லையென்றால் வழக்கு” என்று வக்கீல் அலுவலகத்தின் பெயரில் வரும். அந்தப் படம் நீங்களே அகழிக்கரையில் நின்று எடுத்ததாகக்கூட இருக்கலாம். படத்துக்கு உரிமையாளர் உண்மையிலேயே கேட்பதானால் படத்தை எடுக்கச் சொல்வார், இல்லை பணம் கேட்பார். லிங்க் ஒன்றை மட்டும் கேட்கும் ‘வக்கீல்’ லிங்க் பிடிக்கிற ஆள்தான். ஆனால் படம் உண்மையிலேயே இணையத்திலிருந்து எடுத்ததாக இருந்தால், கடிதம் போலியோ அசலோ, படத்தை எடுத்துவிடுங்கள்.

நாலாவது, உண்மையான மனிதர். குறைவுதான், ஆனால் உண்டு. குடியாத்தத்தில் லுங்கி நெசவு தெரிந்த ஒருவர், பேர்ணாம்பட்டில் தோல் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர், மருத்துவமனைக்கு அப்பாவை அழைத்துவந்து பல வாரம் லாட்ஜில் தங்கிய மகள். இவர்கள் கடிதத்தில் லிங்க் பேச்சே இருக்காது. எழுத்துப்பிழை இருக்கும், தயக்கம் இருக்கும். இந்த வழிகாட்டி முழுக்க இவர்களைத் தவறவிடாமல் இருப்பதற்காகத்தான்.

2. விதிகள் பக்கத்தை முதலிலேயே போட்டுவையுங்கள்

கேட்டு வந்தபிறகு யோசித்தால் ஒவ்வொருவரிடமும் பேரம் பேச வேண்டியிருக்கும். ஒரு மாலை உட்கார்ந்து ‘எங்களுக்கு எழுத’ என்று ஒரு பக்கம் எழுதிவிடுங்கள். செலவு கிடையாது. அதில் இருக்க வேண்டியவை:

• எதைப் பற்றி எழுதலாம். “வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களைப் பற்றிய சொந்த அனுபவம்” என்று குறுக்கியே போடுங்கள்.
• தமிழில் மட்டும்.
• வேறெங்கும் வெளிவராதது. இயந்திரத்தால் எழுதப்பட்டது வேண்டாம்.
• வணிகத் தளங்களுக்கு லிங்க் கிடையாது. எழுதுபவர் பற்றிய குறிப்பில் அவருடைய சொந்தப் பக்கம் ஒன்றுக்கு மட்டும், அதுவும் ‘நோ-ஃபாலோ’ லிங்க் (இதைத் தேடலில் மதிப்பாகக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளுக்குச் சொல்லும் குறி போட்டது).
• திருத்தும் உரிமையும் நீக்கும் உரிமையும் உங்களுக்கு.
• பதில் சொல்ல எவ்வளவு நாள் ஆகும். இரண்டு வாரம் என்று போட்டுவிட்டு ஒரு வாரத்தில் சொல்லிவிடுங்கள்.

தொடர்புக்கு ஒரு தனி மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கோடும் ஆதாரோடும் இணைத்திருக்கும் முகவரியைத் தளத்தில் போடவே கூடாது. அந்தத் தனி முகவரியில் ‘கெஸ்ட் போஸ்ட்’, ‘ஸ்பான்சர்டு போஸ்ட்’, ‘டூ-ஃபாலோ’, ‘லிங்க் இன்சர்ஷன்’ ஆகியவற்றின் ஆங்கில எழுத்து வடிவங்களைக் கொடுத்து ஜிமெயிலில் ஒரு ஃபில்டர் போட்டால் அவை தனி லேபிளுக்குப் போய்விடும். வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறு மதியம் பிரியாணி செரிக்கும் நேரத்தில், மேலோட்டமாகப் பார்த்தால் போதும்.

3. பதில் போடுவதானால் தமிழில் போடுங்கள்

எனக்குத் தெரிந்த சல்லடைகளிலேயே இதுதான் சிறந்தது. சந்தேகமாக இருக்கும் எந்தக் கடிதத்துக்கும் இப்படி எழுதுங்கள்:

“வணக்கம். எங்கள் தளத்தில் நீங்கள் படித்த ஒரு பதிவைக் குறிப்பிட்டு, அதில் விட்டுப்போன ஒன்றை நான்கு வரியில் எழுதி அனுப்புங்கள். எந்த ஊரிலிருந்து எழுதுகிறீர்கள் என்றும் சொல்லுங்கள். விதிகள் பக்கம் தளத்தில் இருக்கிறது.”

அவ்வளவுதான். மொத்தமாக அனுப்புகிறவர் இங்கேயே கழன்றுகொள்வார். மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் பதில் அனுப்புகிற ஆட்களும் இருக்கிறார்கள். “உங்கள் கோட்டை மீதான கட்டுரை மிகவும் தகவலறிந்ததாக இருந்தது” என்று வரும். தமிழ் படிக்கிற நமக்குக் கேட்கவா வேண்டும்? உண்மையான ஆள் என்றால் நான்கு வரி கேட்ட இடத்தில் நாற்பது வரி வரும். அதில் இரண்டு வரி உங்கள் பதிவில் இருந்த தப்பைச் சுட்டிக்காட்டும்.

4. கட்டுரையை உள்ளூர்க்காரராகச் சோதியுங்கள்

கோப்பைத் திறப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. கட்டுரையை மின்னஞ்சலிலேயே ஒட்டி அனுப்பச் சொல்லுங்கள், அல்லது கூகுள் டாக்ஸில். ஜிப் கோப்பு, ‘மேக்ரோவை அனுமதி’ என்று கேட்கும் வேர்ட் கோப்பு இரண்டையும் திறக்காதீர்கள். தெரியாத ஆளுக்குத் தளத்தில் கணக்கும் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் வேர்ட்பிரஸில் ‘கான்ட்ரிபியூட்டர்’ மட்டும். அதில் எழுதலாம், தானே வெளியிட முடியாது. ‘ஆத்தர்’ கொடுத்தால் நீங்கள் தூங்கும்போது அவரே வெளியிட்டுவிடலாம்.

அடுத்து, கட்டுரையின் நடுவிலிருந்து ஒரு முழு வாக்கியத்தை எடுத்து இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுக் கூகுளில் தேடுங்கள். முதல் பத்தியிலிருந்து எடுக்காதீர்கள், திருடுகிறவர்கள் முதல் பத்தியை மட்டும் மாற்றியிருப்பார்கள். எழுதியவர் என்று வரும் புகைப்படத்தையும் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். ஒரே முகம் மூன்று பெயரில் வந்தால் முடிந்தது கதை.

இனிமேல்தான் நம் பலம். எந்த மென்பொருளும் கண்டுபிடிக்காததை வேலூர்க்காரர் ஒரு பார்வையில் பிடித்துவிடுவார்.

ஆம்பூர், வாணியம்பாடி, ஏலகிரி எல்லாம் ‘வேலூர் மாவட்டம்’ என்று எழுதியிருக்கிறதா? 2019 இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. அவை இப்போது திருப்பத்தூர் மாவட்டம். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ராணிப்பேட்டை மாவட்டம். பேச்சுவழக்கில் நாமே இன்னும் ‘வேலூர் ஜில்லா’ என்போம், அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் “2024 இன் முழுமையான சுற்றுலா வழிகாட்டி” என்று தலைப்பு வைத்துவிட்டு உள்ளே ஏலகிரியை வேலூர் மாவட்டத்தில் போட்டிருந்தால் பழைய பக்கத்திலிருந்து அள்ளியதுதான்.

“வேலூர் ரயில் நிலையத்தில் இறங்கி, நடக்கும் தூரத்தில் மருத்துவமனை” என்று இருக்கிறதா? வெளியூர் ரயில்கள் பெரும்பாலும் நிற்பது காட்பாடி சந்திப்பில். அங்கிருந்து பாலாற்றைத் தாண்டி, ஆட்டோவோ பஸ்ஸோ பிடித்துத்தான் ஊருக்குள் வர வேண்டும். சிஎம்சி மருத்துவமனை பற்றிய கட்டுரை என்றால் இன்னொன்றைப் பாருங்கள். ராணிப்பேட்டை வளாகம் 2022 இல் இயங்கத் தொடங்கிய பிறகு எல்லாப் பிரிவுகளும் ஊருக்குள் இருக்கும் பழைய வளாகத்தில் இல்லை. இது தெரியாமல் எழுதப்பட்ட ‘நோயாளிகளுக்கான வழிகாட்டி’யை நீங்கள் வெளியிட்டால், மேற்கு வங்காளத்திலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வருகிறவர்களுக்கு வழிகாட்டும் யாராவது அதை நம்பி, அவர்களைத் தப்பான வாசலில் கொண்டுபோய் நிறுத்துவார்.

நல்ல கட்டுரை என்றால் இந்த மாதிரி இடங்களில் ஒரு வரி கூடுதலாக இருக்கும். எந்த வாசல், எத்தனை மணிக்குக் கூட்டம், பாபு ராவ் தெருவில் அறை எடுக்கும்போது என்ன கேட்க வேண்டும் என்று. அது வந்தவருக்கு மட்டும்தான் தெரியும்.

5. எவ்வளவு கொடுத்தாலும் தொடக்கூடாதவை

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டாதீர்கள். மற்றவற்றில் தப்புச் செய்தால் தேடுபொறியில் பின்னால் போவீர்கள். இதில் தப்புச் செய்தால் காவல் நிலையம்.

ஆன்லைன் சூதாட்டம், பணம் வைத்து ஆடும் ரம்மி, பந்தயத் தளங்கள். கெஸ்ட் போஸ்ட்டுக்கு மற்றவர்களைவிட அதிகமாகப் பணம் காட்டுபவர்கள் இவர்கள்தான். கட்டுரை ‘வேலூரில் மாலைப் பொழுதைக் கழிக்கப் பத்து வழிகள்’ என்று அப்பாவியாக இருக்கும், ஏழாவது வழியில் லிங்க் இருக்கும். தமிழ்நாட்டின் 2022 ஆம் ஆண்டு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் விளம்பரம் செய்பவருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. 2025 இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தில் பணம் வைத்து ஆடும் விளையாட்டை விளம்பரப்படுத்தினால் இரண்டாண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். அவர்கள் தருவதாகச் சொல்வது சில ஆயிரம் ரூபாய்.

மருத்துவம். வேலூர் என்ற பெயர் தளத்தில் இருந்தாலே இந்தக் கடிதங்கள் கூடுதலாக வரும், ஏனென்றால் நாடெங்கும் ‘வேலூர்’ என்று தேடுகிறவர்களில் பலர் சிகிச்சைக்காகத் தேடுகிறார்கள். “சர்க்கரை நோயை வேரோடு ஒழிக்கும் பொடி”, “அறுவை சிகிச்சை இல்லாமல் புற்றுநோய்க்குத் தீர்வு” என்பன போன்ற விளம்பரங்களை 1954 ஆம் ஆண்டு மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. கட்டுரை என்று பெயர் வைத்தால் விளம்பரம் இல்லாமல் போய்விடாது. சிறுநீரகம் ‘ஏற்பாடு’ செய்து தருவதாக வருகிற எதையும் படித்து முடிக்கக்கூட வேண்டாம். பணத்துக்கு உறுப்பு கேட்டோ தருவதாகவோ விளம்பரம் செய்வதே 1994 ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி சிறைத்தண்டனைக் குற்றம். அப்படி வந்த கடிதத்தை அழிக்காமல் வைத்து சைபர் கிரைம் தளத்தில் புகார் செய்யுங்கள். பணம் இழந்த புகார்களுக்கு எண் 1930.

உடனடிக் கடன் செயலிகள், ‘மாதம் பத்து சதவீதம் வட்டி’ என்று சொல்லும் முதலீடுகள். நம் மாவட்டத்தில் நிதி நிறுவனங்களில் பணத்தைப் போட்டுவிட்டு நிற்கிற குடும்பம் தெருவுக்கு ஒன்று இருக்கும். இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

6. லிங்க்கை எப்படிப் போடுவது

கூகுளின் விதி தெளிவானது. தேடலில் மேலே வருவதற்காக லிங்க்கை வாங்குவதும் விற்பதும் மோசடியில் சேரும். பணத்துக்குப் பதில் பொருள் கொடுத்தாலும், ‘நீ எனக்கு, நான் உனக்கு’ என்று மாற்றிக்கொண்டாலும் அதேதான். ஆனால் விளம்பரத்துக்கு லிங்க் கொடுப்பதே தப்பு என்று அது சொல்லவில்லை. அந்த லிங்க்கில் ‘ஸ்பான்சர்டு’ அல்லது ‘நோ-ஃபாலோ’ என்ற குறி இருக்க வேண்டும், அவ்வளவுதான். பிளாகரில் லிங்க் போடும் பெட்டியிலேயே நோ-ஃபாலோவுக்கு டிக் அடிக்கும் இடம் இருக்கிறது. வேர்ட்பிரஸில் லிங்க்கின் கூடுதல் அமைப்புகளில் பாருங்கள், இல்லையென்றால் ஹெச்டிஎம்எல் பார்வையில் கையால் சேர்க்கலாம்.

இந்தக் குறியைப் போடுவேன் என்று சொன்னதும் பத்தில் ஒன்பது பேர் காணாமல் போவார்கள். அப்படிப் போகிறவர்கள் உங்கள் வாசகரைத் தேடி வரவில்லை. மீதிப் பேர் “எங்களுக்குக் குறி இல்லாத டூ-ஃபாலோதான் வேண்டும், கொஞ்சம் கூடப் போட்டுத் தருகிறோம்” என்பார்கள். அதற்கும் இல்லை என்பதுதான் பதில்.

மாட்டினால் என்ன ஆகும்? சர்ச் கன்சோலில் (உங்கள் தளம் கூகுள் தேடலில் எப்படி இருக்கிறது என்று காட்டும் கூகுளின் கருவி) ‘மேனுவல் ஆக்ஷன்ஸ்’ என்ற தண்டனைப் பகுதியில் உங்கள் தளத்திலிருந்து இயல்பற்ற லிங்க்குகள் போகின்றன என்று அறிவிப்பு வரும். தளத்தின் ஒரு பகுதியோ முழுவதுமோ தேடலில் பின்னுக்குப் போகும், சில சமயம் காணாமலேயே போகும். அதனால் சர்ச் கன்சோலில் தளத்தை இன்றே பதிவு செய்துவிடுங்கள். இலவசம். பதிவு செய்யாமல் இருந்தால், பார்வையாளர் எண்ணிக்கை ஏன் படுத்துவிட்டது என்று தெரியாமலே ஹோஸ்டிங் நிறுவனத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

7. பணம் பேசும்போது

விளம்பரக் கட்டுரையே கூடாது என்று நான் சொல்லவில்லை. உள்ளூர்ப் புத்தகக் கடையோ, சத்துவாச்சாரியில் புதிதாகத் திறந்த டியூஷன் சென்டரோ பணம் கொடுத்து ஒரு அறிமுகம் கேட்டால் வாங்கலாம். தலைப்புக்குக் கீழேயே, கண்ணில் படும் எழுத்தில், ‘கட்டண விளம்பரம்’ என்று போட வேண்டும். கடைசி வரியில் சாம்பல் நிறத்தில் போடுவது கணக்கில் சேராது. 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு அதை வெளியிட்டவர்மீதும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது.

விலை விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். வெளிநாட்டு ஏஜென்ட்கள் பத்து டாலர், இருபது டாலர் என்று ஆரம்பிப்பார்கள். உங்கள் டொமைனுக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்கு முன்பின் ஆகும், பிளாகரில் ஹோஸ்டிங் இலவசம். அந்த ஆயிரத்தை இந்த ஒரு கட்டுரை ஈடுகட்டிவிடுமே என்று தோன்றும். தோன்றும்போது மேலே ஐந்தாவதையும் ஆறாவதையும் திரும்பப் படியுங்கள்.

வாங்குவதென்று முடிவானால்:

• பணம் முன்கூட்டியே. ‘வெளியிட்டதும் தருகிறோம்’ என்பவர் தரமாட்டார். தந்த பிறகு வெளியிட்டாலும், பணம் அனுப்பியவர் பேபாலில் 180 நாள் வரை தகராறு எழுப்ப முடியும் என்பதை மறக்காதீர்கள்.
• யுபிஐயில் பணம் பெற பின் நம்பர் போடத் தேவையே இல்லை. ‘க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க, பணம் ஏறிடும்’ என்றால் இறங்கப்போவது உங்கள் பணம்.
• ‘தவறுதலாகக் கூடுதலாக அனுப்பிவிட்டோம், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்’ என்றால், வங்கியில் பணம் உண்மையிலேயே ஏறியிருக்கிறதா என்று கணக்கில் பாருங்கள். வந்திருப்பது குறுஞ்செய்தி மட்டுமாக இருக்கலாம்.
• வெளிநாட்டுப் பணத்துக்கு வங்கியோ பேபாலோ காரணக் குறியீடு கேட்கும். விளம்பரச் சேவைக்கு பி1007.
• பில் கொடுங்கள். வெள்ளைத் தாளில் எண், தேதி, இரு தரப்புப் பெயர் முகவரி, உங்கள் பான், சேவை என்ன, தொகை எவ்வளவு என்று இருந்தால் போதும். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை பொதுவாகச் சேவைக்கு ஜிஎஸ்டி பதிவு வேண்டியதில்லை. பதிவு இல்லாதவர் பில்லில் ஜிஎஸ்டி வசூலிக்கவும் கூடாது.
• சின்னத் தொகையானாலும் வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். இந்திய நிறுவனம் டிடிஎஸ் (தொகையிலிருந்தே கழிக்கும் வரி) பிடித்திருந்தால் வருமான வரித் தளத்தில் உங்கள் கணக்கில் தெரியும், அதைப் பார்த்துச் சரிபாருங்கள்.

8. காகிதம்

நம் ஆட்கள் விடுகிற இடம் இது. நல்ல மனிதர், நல்ல கட்டுரை, வாட்ஸ்அப்பில் “போட்டுக்குங்க அண்ணா” என்றார், போட்டுவிட்டோம். ஆறு மாதம் கழித்து அவர் அதையே ஒரு வார இதழுக்குக் கொடுக்கிறார், அவர்கள் உங்களிடம் நீக்கச் சொல்கிறார்கள். யார்மீதும் குறை சொல்ல முடியாது.

1957 ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை கைமாறுவதும் அனுமதி தருவதும் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாமல் உரிமையை எழுதி வாங்கினால் ஐந்தாண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். புதுப் பதிவருக்கு முழு உரிமை தேவையே இல்லை. எழுதியவரிடமே உரிமை இருக்கட்டும், உங்களுக்கு வெளியிடும் அனுமதி போதும். ஒரு பக்கத்தில் இவை இருக்கட்டும்: கட்டுரைத் தலைப்பு, இது என் சொந்த எழுத்து என்ற உறுதி, படங்கள் யாருடையவை, இணையத்தில் வெளியிட அனுமதி, எத்தனை ஆண்டு, எங்கெல்லாம், திருத்தலாமா, வேறெங்கும் வெளியிட எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும், சன்மானம் உண்டா இல்லையா. கையெழுத்துப் போட்டு போட்டோ எடுத்து மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். முத்திரைத்தாள், நோட்டரி என்று அலைய வேண்டாம்.

படத்தில் நோயாளி, குழந்தை, மருத்துவமனை வார்டு இருந்தால் சம்பந்தப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் போடவே வேண்டாம்.

முடிந்தால் எழுதியவருக்கு ஏதாவது கொடுங்கள். நூறு ரூபாயோ, நீங்கள் படித்து முடித்த ஒரு புத்தகமோ. அடுத்த கட்டுரை அவரே கேட்காமல் அனுப்புவார்.

9. தெரிந்தவர்கள் கேட்டால்

நிஜமான தலைவலி வெள்ளைக்காரப் பெயர்களிலிருந்து வருவதில்லை. மாமாவின் நண்பர் காட்பாடிப் பக்கம் மனை போட்டிருப்பார். “இன்னாப்பா, ஒரு கட்டுரைதானே, எல்லாம் நானே எழுதித் தரேன்” என்பார். கட்டுரையில் பஸ் நிலையம் ஐந்து நிமிடம், கல்லூரி பத்து நிமிடம், விமான நிலையம் பக்கத்திலேயே. எதில் போனால் ஐந்து நிமிடம் என்று இருக்காது.

இவரை மின்னஞ்சல்போல ஃபில்டர் போட்டுத் தள்ள முடியாது. சண்டையும் போட முடியாது. இங்கே விதிகள் பக்கம்தான் கைகொடுக்கும். “மாமா, எல்லாருக்கும் ஒரே ரூல்தான் வெச்சிருக்கேன், பாருங்க” என்று காட்டிவிட்டுக் காகிதங்களைக் கேளுங்கள். டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் எண் என்ன? ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் என்ன? பதிவு செய்ய வேண்டிய திட்டமானால் விளம்பரத்தில் ரெரா எண்ணும் அதன் இணையதள முகவரியும் கட்டாயம் இருக்க வேண்டும், 2016 ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. எண்ணைக் கொடுத்தால் தமிழ்நாடு ரெரா தளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கொடுக்கவில்லையென்றால், “நம்பர் வந்ததும் போட்டுடலாம் மாமா” என்று சொல்லிவிடுங்கள். மறுத்த மாதிரியும் இருக்காது, போட்ட மாதிரியும் இருக்காது. நான் பார்த்தவரை அந்த எண் பிறகு வந்ததே இல்லை.

லாட்ஜ், மெஸ், டிராவல்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே வழி. விளம்பரம் என்று போட்டு, வாடகை எவ்வளவு, லிஃப்ட் உண்டா, சமைக்க இடம் உண்டா என்ற உண்மைகளை மட்டும் கேட்டு வாங்குங்கள். நோயாளியோடு வருகிறவர்களுக்கு அதுதான் வேண்டும். ‘வேலூரின் தலைசிறந்த’ என்ற சொல்லை வெட்டிவிடுங்கள்.

10. வெளியிட்ட பிறகு

கட்டுரை வந்த மறுவாரமே “லிங்க்கை மட்டும் இந்த முகவரிக்கு மாற்றுங்கள்” என்று கேட்டால் மாற்றாதீர்கள். முதலில் காட்டியது நல்ல தளம், பிறகு மாற்றச் சொல்வது வேறு ஏதாவது. இது பழைய தந்திரம்.

கேட்காமலே மாறுவதும் உண்டு. நீங்கள் லிங்க் கொடுத்த தளத்தின் டொமைன் காலாவதியாகும், வேறு யாரோ வாங்குவார்கள், சமையல் பக்கம் இருந்த இடத்தில் பந்தயத் தளம் திறக்கும். உங்கள் பதிவில் எழுத்து ஒன்றும் மாறியிருக்காது. அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா வெளி லிங்க்குகளையும் ஒருதரம் அழுத்திப் பாருங்கள். பதிவுகள் ஐம்பதைத் தாண்டிவிட்டால் உடைந்த லிங்க்குகளைத் தேடும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. ஆனால் அவை செத்த லிங்க்கைத்தான் காட்டும், ஆள் மாறிய லிங்க்கைக் காட்டாது. அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே தெரியாமல் சிலவற்றைப் போட்டிருந்தால் இப்படிச் செய்யுங்கள். பட்டியல் எடுங்கள். ஐந்தாவது பகுதியில் சொன்ன ரகம் என்றால் பதிவையே நீக்குங்கள். மற்றவற்றில் லிங்க்கை எடுங்கள், அல்லது நோ-ஃபாலோ குறி போடுங்கள். பணம் வாங்கியிருந்தால், குறி போடப்போவதாக அவர்களுக்கு ஒரு வரி எழுதுங்கள். ஒப்புக்கொள்ளாமல் பணத்தைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுவது மலிவு. மேனுவல் ஆக்ஷன் வந்திருந்தால் எல்லாவற்றையும் சரிசெய்து முடித்த பிறகே சர்ச் கன்சோலில் மறுபரிசீலனை கேளுங்கள். எந்தெந்தப் பக்கத்தில் என்ன மாற்றினீர்கள் என்று முகவரியோடு எழுதுங்கள், சாக்கு எழுதாதீர்கள். பதில் வரச் சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். அதுவரை இரண்டாவது விண்ணப்பம் போடாதீர்கள்.